ஏவிந்துரின் முதல் மீன்

1994 ஆகஸ்டில் ஏவிந்துர் பிடித்த சால்மன் 2001 ஆகஸ்டு வரை சாகவில்லை. குடலை எடுத்த பிறகும் சாகவில்லை. அவன் வீட்டுக் குளியல் தொட்டியில் செவுளைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. வீட்டார் குளிக்க ஊர் வெந்நீர்க் குளத்துக்குப் போனார்கள்.

வடக்கு ஐஸ்லாந்தில் எங்கள் பள்ளத்தாக்கின் ஆறு எங்கள் நிலத்தில்தான் ஓடுகிறது. தூண்டில் போடுவது காசு கட்டும் வெளிநாட்டுக்காரனும் தலைநகரத்து வக்கீலும். எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள், அதுவும் பிள்ளைகளுக்கு மட்டும். வாழ்வில் முதல் சால்மனைப் பிடித்தவர் யாரானாலும் வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைப் பச்சையாகக் கடித்து விழுங்க வேண்டும். ஏவிந்துரின் அண்ணன் பிராகி ஒன்பது வயதில் விழுங்கினான். பிறகு கனடா போய் அங்கேயே செத்தான். கேட்க ஆளில்லாத அந்தக் கதையை ஏவிந்துர் தன் கதையாக்கிக்கொண்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மகள் சோல்ரூன் பதினோரு வயதில் முதல் மீன் பிடித்து, துடுப்பைத் தின்ன மாட்டேன் என்று அழுதபோது அவள் கழுத்தைப் பிடித்து அழுத்தினான். “நான் ஒம்பது வயசுல ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம தின்னேன். நீ என்ன பெரிய பட்டணத்துக்காரியா?” அவள் கடித்தாள், வாந்தியெடுத்தாள், மறுபடி கடித்தாள். இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து இறக்கிய ஆட்டு மந்தையை ஊரே கூடி அவரவருக்குப் பிரிக்கும் இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

சோல்ரூன் டென்மார்க்கில் யெப்பேயைக் கட்டிக்கொண்டாள். தகப்பனின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு வந்தவள், வழிகாட்டி கோல்பெய்னோடு ஆற்றில் ஒரு நாளைப் பரிசாகக் கொடுத்தாள். “நீங்க தூண்டில் போட்டு நான் பாத்ததே இல்லப்பா.” முதல் வீச்சிலேயே கோல்பெய்னுக்கு விளங்கிவிட்டது. தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய் ஈ முதலில் ஏவிந்துரின் தொப்பியில் மாட்டியது, பிறகு யெப்பேயின் சட்டைக்கையில். “பெரியவரே, மருமகன அப்புறம் பிடிக்கலாம். மொதல்ல மீன்” என்றான். பதினொன்றேகாலுக்கு ஐந்து கிலோ மீன் ஒன்று, எப்படியோ, கடித்தது. வலையில் அள்ளிய கோல்பெய்ன் காதருகே குனிந்து, “இதான மொதல் மீன்? சட்டுனு கடிச்சிருங்க. நான் அவங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்” என்றான். அதற்குள் சோல்ரூன் வந்துவிட்டாள். ஏவிந்துர் சத்தமாகச் சொன்னான்: “என் துடுப்ப நான் எப்பவோ தின்னாச்சு!” கோல்பெய்ன் கட்டையால் மீனின் தலையில் அடித்தான். நான்காவது அடியில் கட்டை உடைந்தது. மீன் ஏவிந்துரையே பார்த்தது.

கால்நடை மருத்துவர் வந்து, ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாதிரியார் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு கோப்பை காபி கேட்டார். நம்பாதவர்கள் செவுளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். மந்தை பிரிக்கும் இடத்தில், “மீன் சௌக்கியமா ஏவிந்துர்? பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?” என்பார்கள். கோல்பெய்ன் சொல்லிக் காரணம் எல்லோருக்கும் தெரியும். சோல்ரூனிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் வருடத்திலிருந்து ஏவிந்துர் தன் ஆடுகளை ஓட்டிவர அடுத்தவரை அனுப்பினான்.

ஏழாம் கோடையில் சோல்ரூன் குடும்பம் மறுபடி வந்தபோது பேத்திக்குப் பதினோரு வயது. பிள்ளைகள் தூண்டில் போடும் நாளின் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. “இவளும் அதத் திங்கணுமா?” என்று யெப்பே கேட்டான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சோல்ரூன், “திம்பா. நான் திங்கலியா?” என்றாள்.

ஏவிந்துர் மேசையைப் பார்த்தபடி சொன்னான்: “அது பிராகியோட கதை. இந்தத் தொட்டி மீன் வரைக்கும் நான் மீனே பிடிச்சதில்ல.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “என் கழுத்தப் பிடிச்சீங்களே, அப்பவும் பொய்னு தெரியும்ல?”

“தெரியும்.”

அவள் போய் மீனை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் போட்டாள். “கடிங்க.”

எழுபத்தேழு வயதில் கடித்தான். குமட்டியது. கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. விழுங்கும்வரை அவள் அவனைத் தொடாமல் நின்றாள். காபி கொதிப்பதற்குள் மீன் செத்துவிட்டது. சதை அன்று காலை பிடித்ததுபோல் இருந்தது. வெண்ணெயோடு அவித்தார்கள். யெப்பே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். சோல்ரூன் தன் துண்டைத் தொடவில்லை. அவளைத் தின்னச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.