தபசுக்கு விட்டது

சாம்பல் புதன் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஸ்டீபன்ராஜ் சட்டைப் பையிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துக் கோவில் சுவரோரம் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டான். சாமியார் நெற்றியில் போட்ட சாம்பல் சிலுவை வியர்வையில் கரைந்து மூக்குத்தண்டில் இறங்கியிருந்தது. திண்டிவனத்தில் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழகியது அந்தப் புகையிலை. கடைவாயில் அதை அடக்கிக்கொள்ளாவிட்டால் அவனுக்கு ஒரு போல்ட் கூடக் கடைய வராது என்று பட்டறையில் கேலி பேசுவார்கள்.

"ஈஸ்டர் வரைக்கும் இதத் தொட மாட்டேன். தபசு நாப்பது நாளும்," என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீயும் ஒண்ணு வுடேன், அமலா. அதான், அது," என்றான்.

அது என்றால் எது என்று அமலோற்பவமேரி கேட்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அதற்கு அவர்கள் வேறு பெயர் வைத்ததில்லை. முக்காட்டை இன்னும் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, "சரிங்க," என்றாள். கோவிலில் எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருப்பார்கள். அதனால் அங்கே மட்டும் அவளுக்குத் தலையைப் பற்றிய நினைப்பு இருக்காது. வெளியே வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதிலிருந்து கவலை தொடங்கிவிடும்.

தொண்ணூற்று மூன்றில், விழுப்புரத்தில் விடுதியில் தங்கி ஏழாவது படித்தபோது அது தொடங்கியது. மாலைப் படிப்பு நேரத்தில் ஒரு கை புத்தகத்தில் இருக்கும், மற்றொரு கை தலைக்குள் அலையும். நேரான முடிகளுக்கு நடுவே தடித்து, நெளிந்து, ஒட்டாமல் நிற்கிற ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டுவிட்டால் அதை எடுத்தாக வேண்டும். சுருக்கென்று ஒரு சின்ன வலி. அதற்குப் பிறகு, யாரோ இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திய மாதிரி ஒரு அமைதி. வேரில் இருக்கும் வெள்ளைக் குமிழை உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். பிறகு விரல் அடுத்ததைத் தேடிப் போய்விடும். அந்த வருஷ அரைப்பரீட்சை லீவில் வீட்டுக்குப் போனபோது உச்சியில் உள்ளங்கையளவு இடம் வெறுமையாக இருந்தது. அம்மா பூச்சிவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தாள். விஷயம் தெரிந்த பிறகு விரல்களில் வேப்பெண்ணெய் தடவினாள், படுக்கும்போது கைகளைத் துண்டால் கட்டினாள், வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டாள். முடி வளர்ந்தது. கையும் அதோடு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டதெல்லாம் மறைக்கிற வேலைதான். வகிடை எங்கே எடுப்பது, சவுரியை எங்கே குத்துவது, பூவை எவ்வளவு மேலே வைப்பது. விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் தினமும் போய் வந்தாள். ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் நடுவில்தான் உட்காருவாள்.

ஸ்டீபன்ராஜ் கல்யாணமான புதிதில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே சுருண்டு கிடந்த முடிகளைப் பார்த்துவிட்டு, முடி கொட்டுகிறதென்று எண்ணெய் வாங்கி வந்தான். ஒருநாள் டிவி பார்க்கையில் அவள் கையைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் கை மேலே போனால் லேசாகத் தட்டி, "கை," என்பான். அவள் இறக்கிக்கொள்வாள். தனக்குப் புகையிலை போல அவளுக்கு அது ஒரு பழக்கம், மனசு வைத்தால் போய்விடும் என்று அவன் நம்பினான். அவன் நல்லவனாக இருந்ததுதான் அவளுக்குப் பெரிய சிரமம். கெட்டவனாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

தபசு தொடங்கியதும் அவன் பட்ட பாட்டை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். தலைவலி, தூக்கமில்லை. ஐந்து வயது மகள் வெனிலா தட்டைக் கீழே போட்டதற்கு எரிந்து விழுந்தான். பையில் சோம்பும் கிராம்பும் வைத்துக்கொண்டு மென்றான். அவனுக்காகவே அவளும் முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வீட்டில் தலையில் துண்டு கட்டிக்கொண்டாள், கடையில் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் கடையில் காலாவதியான மருந்துகளைப் பிரித்து எடுக்கிற வேலை வந்தது. கணக்கு ஒன்று இடித்தது. திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவள் கீபோர்டைக் குனிந்து பார்த்தபோது அதன்மேல் முடிகள் கிடந்தன. கை எப்போது போனது என்றே தெரியவில்லை.

சாயந்திரம் அவன், "இன்னிக்கி?" என்று கேட்டான். ஒவ்வொரு நாளும் கேட்பான்.

"இல்லீங்க," என்றாள்.

அவன் முகம் மலர்ந்துபோனது. ஓமந்தூரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "நான் புகையிலய வுட்டுட்டேம்மா. அமலாவும் ஒண்ண வுட்டிருக்கா. இன்னான்னு கேக்காத, அது எங்களுக்குள்ள," என்று சிரித்தான். அதற்குமேல் உண்மையைச் சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. உச்சியை விட்டுவிட்டுப் பின்கழுத்துக்கு மேலே, கொண்டை மறைக்கிற இடத்துக்குக் கையை மாற்றினாள். பிடுங்கியதை வரும் வழியில் பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் கதவருகே நின்று காற்றில் விட்டாள். வீட்டில் ஒரு முடி கூடக் கிடக்கவில்லை. ஸ்டீபன்ராஜ் ஒருநாள் கட்டிலை நகர்த்திக் கூட்டிவிட்டு, "சுத்தமா இருக்குது பாரு," என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெனிலா தரையில் சப்பணம் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆட்காட்டி விரல் நெற்றி முடியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது. அமலா அடுப்படியிலிருந்து வந்த வேகத்தில் அந்தக் கையில் ஓங்கி அறைந்தாள். அதற்குமுன் பிள்ளையை அவள் அடித்ததில்லை. வெனிலா அழக்கூட மறந்து அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அட்ச்ச?" ஸ்டீபன்ராஜ் எழுந்து வந்தான். "கொயந்த சும்மாதானே குந்திக்கினு இருந்துச்சி?"

அமலா பிள்ளையின் கையை எடுத்துத் தேய்த்துவிட்டாள். தன் அம்மா துண்டால் கைகளைக் கட்டியபோது இப்படித்தான் பயந்திருப்பாள் என்று அப்போது தோன்றியது.

பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"முடியப் பிடுங்கறேன், ஃபாதர்."

"யார் முடியம்மா?"

"என் முடிதான்."

"அது பாவம் மாதிரி தெரியலையே. உடம்புக்கு ஏதாவதா இருக்கும். டாக்டரப் பாத்தீங்களா?"

"வுட்டுட்டேன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட பொய் சொல்லிக்கினு இருக்கேன்."

"ஆங், அது பொய்," என்றார் சாமியார், தெரிந்த பாதைக்கு வந்துவிட்ட நிம்மதியோடு. "அதுக்கு மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்க. அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

பெரிய சனிக்கிழமை மத்தியானம் ஸ்டீபன்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தான். அவள் நின்றபடியே சொன்னாள். அவன் திருப்புளியைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"எத்தினி நாளா?"

"ரெண்டாவது வாரத்துலருந்தே."

"நான் வுட்டேனே, அமலா. எனக்கு மட்டும் சொகமாவா இருந்துச்சி?"

"இல்லீங்க. பாத்துக்கினுதானே இருந்தேன். நீங்க வாய்ல போடறதுக்கு மின்னாடியே உங்களுக்குத் தெரியும். எனக்குக் கை போனதுக்கு அப்புறந்தான் தெரியுது. தெரிஞ்சாலும் அந்த ஒண்ண எடுத்தாதான் கை கீழ வருது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திருகுகள் படியில் உருண்டு கிடந்தன. அவள் அவற்றைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். புகையிலை வாங்கத்தான் போயிருக்கிறான் என்று நினைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தவனின் வாயில் சோம்பு வாசனைதான் இருந்தது.

மறுநாள் ஈஸ்டர். பிரியாணி சாப்பிட்டு வெனிலா தூங்கிப்போனாள். அவன் பின்வாசல் கதவைத் திறந்து, வெயில் விழுகிற இடத்தில் முக்காலியைப் போட்டான்.

"காட்டு," என்றான்.

தலை வாருவதைக்கூட அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் செய்வாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், சவுரியைக் கழற்றி மடியில் வைத்தாள். உச்சியில் வெயில் நேராகச் சுட்டது. அந்த இடத்தில் வெயில் பட்டு எத்தனையோ வருஷம். அவன் "ச்சு" கொட்டுவான் என்று தோள்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் விரல் வந்து தொட்டது. கடைந்த இரும்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற விரல். உச்சியிலிருந்து மெதுவாகப் பின்கழுத்து வரை, புதிதாகப் புண்ணாகியிருந்த இடம் வரை போயிற்று.

"வலிக்குமா?"

"எடுக்கறப்ப அவ்ளோ தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் வெக்கமா இருக்கும்."

"இத நான் புகையிலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றான் அவன்.

மே மாசத்தில் ஒருநாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநல டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று சொன்னார், அமலாவுக்கு அது வாயில் நுழையவில்லை.

"உங்கள மாதிரி நெறைய பேர் வர்றாங்கம்மா."

"இங்கயா? விழுப்புரம், திண்டிவனம் ஆளுங்களா?"

"ஆமா, இங்கதான்."

அது அவளை உலுக்கிவிட்டது. உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று இவ்வளவு வருஷமும் நினைத்திருந்தாள். எந்தெந்த நேரத்தில் கை போகிறது என்று முதலில் கவனிக்கச் சொன்னார் டாக்டர். அந்த நேரத்தில் விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம், கைக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஒரு மாத்திரையும் எழுதினார். முழுசாகப் போய்விடுமா என்று கேட்டதற்கு, "குறையும். மறுபடி வரும், மறுபடி குறையும். வந்தா தோத்துட்டோம்னு நெனைக்காதீங்க," என்றார்.

"நான் இன்னா டாக்டர் பண்ணணும்?" என்று கேட்டான் ஸ்டீபன்ராஜ்.

"கையத் தட்டாதீங்க."

அவன் தலை குனிந்துகொண்டான். வெளியே வந்தபோது நடைவழி பெஞ்சுகளில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அமலா ஒவ்வொரு தலையையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஸ்டீபன்ராஜ் புகையிலையைத் தொடவேயில்லை. அவளுக்கு நல்ல வாரங்கள் வந்தன, கெட்ட வாரங்களும் வந்தன. "இன்னிக்கி?" என்று அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சில நாள் அவளே சொன்னாள். வெனிலா நெற்றி முடியைச் சுற்றுவதைத் தானாகவே மறந்திருந்தாள்.

ஆடிப் பட்டத்து விதைப்புக்கு மாமியார் லூர்துமேரி ஓமந்தூரிலிருந்து ஒரு மூட்டை விதை மல்லாட்டையோடு வந்து இறங்கினாள். மிஷினில் கொடுத்தால் வேர்க்கடலைப் பருப்பு உடைந்துவிடும், கையால்தான் உரிக்க வேண்டும். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமியார் பக்கத்துக் கழனிக்காரன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை சண்டைக்கு வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இன்னாடி அது, தலைல? பேனா?"

அமலாவின் கை உச்சியில் இருந்தது. ஸ்டீபன்ராஜ், "வுடும்மா," என்றான்.

"பேன் இல்லத்த," என்றாள் அமலா. தன் குரல் சாதாரணமாக வெளிவந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "முடியப் பிடுங்குவேன். சின்ன வயசுலருந்து. ஆஸ்பத்திரில பாத்துக்கினு இருக்கோம்."

லூர்துமேரி மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் கிடந்த மல்லாட்டையில் ஒரு பெரிய குவியலை அமலா பக்கம் தள்ளினாள்.

"அப்ப ரெண்டு கையாலயும் ஒட. ஜல்தி ஆவட்டும்."

ஸ்டீபன்ராஜ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அமலா கையை இறக்கினாள். விரல்களுக்கிடையே நீளமாக ஒரு முடி வந்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதை மறைக்காமல் விட்டாள். அது தோல் குவியலின்மேல் விழுந்தது. மின்விசிறிக் காற்றில் மல்லாட்டைத் தோல்கள் சரசரவென்று நகர்ந்தபோது அதுவும் அவற்றோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நகர்ந்தது.