காற்றுக்கு முதுகு காட்டிய பறவை

மணல்திட்டில் உட்காரும் கடற்காகங்கள் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் உட்காரும். முதுகைக் காட்டினால் காற்று இறகுக்குள் புகுந்து ஆளையே தூக்கிவிடும். காற்று திசை மாறினால் கூட்டம் மொத்தமும் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி காற்றைப் பார்த்து உட்காரும். தொலைநோக்கியில் இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போகும்போது ஒரே பக்கம் திரும்பிய முகங்களாக நகர்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு வேலை சுலபம்.

அன்று காலை ஒன்று மட்டும் முதுகைக் காட்டி நின்றது.

அதன் இறகுகள் காற்றில் திருப்பிப் போட்ட குடை மாதிரி புரண்டு கிடந்தன. அது கண்டுகொள்ளவில்லை. தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது. பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த அவள், எண்ணுவதை விட்டுவிட்டுத் தொலைநோக்கியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். ஊசிவால் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒன்று தனியாக மிதந்தது. ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. நிற்கவில்லை.

தொலைநோக்கியைக் கீழே இறக்கினாள்.

பறவைக் காய்ச்சல் கரையோரமாக இறங்கி வருகிறது என்று அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இப்படி எதுவும் கண்ணில் பட்டால் கிட்டே போகக் கூடாது. உடனே மேலாளருக்குப் போன் செய்ய வேண்டும். அதற்கப்புறம் நடப்பதும் தெரிந்ததுதான். அந்த இடத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுப் பறவைகளை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொன்று புதைத்துவிடுவார்கள்.

தலையை நிமிர்த்தினாள். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், நாணல் புதருக்கு மேலே, அண்ணியின் வாத்துக் கொட்டகைத் தகரம் வெயிலில் பளபளத்தது.

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்தாள். ஒரு பறவையை வைத்து முடிவுக்கு வராதே என்று மேலாளர் எப்போதும் சொல்லுவார். தூண்டில் நரம்பு சிக்கியிருந்தாலும் கடற்காகம் இப்படித் தள்ளாடும். நாளைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம். இதெல்லாம் சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. போனைத் திரும்ப வைத்தாள்.

தண்ணீர் வடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று சேற்றில் இறங்கித் திட்டின் விளிம்பு வரை நடந்தாள். பறவைகள் கலையாத தூரத்தில் நின்றாள். அது அவர்களுடைய தொழிலின் முதல் பாடம். தூரத்தில் நில், தொடாதே, கண்ணால் மட்டும் பார். அவள் எதையும் தொடவில்லை. காலடியில் சேறு முழுக்க எச்சமும் உதிர்ந்த இறகுமாகக் கிடந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. கண் தொலைநோக்கியிலேயே இருந்தது.

மாலையில் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அண்ணியின் குரல் கேட்டது.

"என்ன கொக்கு, இன்னைக்கு எத்தனை பேர் ஆஜர்?"

ஒல்லிக் கால்களோடு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற வேலை என்று கேள்விப்பட்ட அன்றே அண்ணி வைத்த பெயர் அது. அண்ணன் கப்பலில் சமையல்காரன். வீட்டில் இருக்கும் நாட்களைவிடக் கடலில் இருக்கும் நாட்கள்தான் அதிகம். துறைமுக ஊரில் ஒரு அறை எடுத்துவைத்து, அங்கே வந்துவிடு என்று அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்த அறையை அண்ணி ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். திரும்பி வந்த மறுநாள்தான் முதல் வாத்துக் குஞ்சுகளை வாங்கினாள். இப்போது கொட்டகை நிறைய இருந்தன. அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் அவற்றைக் காட்டித்தான் தப்பித்தாள். இதுங்களை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?

அவள் பின்வாசல் படியில் பூட்ஸைக் கழற்றி, வழக்கமான இடத்தில் வைத்தாள்.

"அண்ணி, வாத்தைக் கழியில விடாதீங்க."

"சேறா இருக்குன்னு ஒரு வாரமா விடவே இல்லையே. இன்னும் உள்ளேயே இருந்து அதுங்க பரீட்சைக்குப் படிக்கணுமா?"

"இல்ல. தண்ணி சரியில்ல. எண்ணெய் மாதிரி ஏதோ மிதக்குது."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் பேசுவதே குறைவு என்பதால் யாரும் கண்டுபிடித்ததில்லை.

"கப்பல்காரனுங்க வேலையாத்தான் இருக்கும்," என்றாள் அண்ணி. "உங்க அண்ணன்கிட்ட கேக்கணும். சரி, நீ போய் மூஞ்சி கழுவு. பேயறைஞ்ச மாதிரி இருக்கே."

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். இன்றைக்கு உள்ளே அடைத்துவிட்டால் போதும். காட்டு வாத்தோடு கலக்காமல் இருந்தால் இவை பிழைத்துவிடும். நாளைக்கு அந்தக் கடற்காகம் சரியாகியிருந்தாலும் இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். சேற்றைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைக்க வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

படியில் பூட்ஸ் இல்லை.

வீட்டில் ஒரே ஒரு ஜோடிதான். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. காலையில் அவள் கரைக்குப் போட்டுக்கொண்டு போவாள். மாலையில் அவள் கழற்றிப் போட்டதை, கழுவிய பிறகு, அண்ணி மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். இன்றைக்கு அவள் கழுவவில்லை. அண்ணி பார்க்கவும் இல்லை.

"பா... பா... பா... உள்ள போங்கடி. ராத்திரி சாப்பாடு உள்ளதான். டேய் மேனேஜர், பின்னாடி நின்னு கத்தாம நீயும் போடா."

மேனேஜர் என்பது ஆண் வாத்து. எந்த வேலையும் செய்யாமல் கடைசியில் நடந்து எல்லோரையும் அதட்டும். கொட்டகைக்குள் வைக்கோல் மேல், தண்ணீர்த் தொட்டிக்கும் தீவனத் தட்டுக்கும் நடுவில், அண்ணி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். வாத்துகள் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று பூட்ஸில் ஒட்டியிருந்த எதையோ கொத்திப் பார்த்தது.

பின்வாசலில் நின்றவள் கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அடைத்துவை என்று சொன்னதே அவள்தான்.

அன்று மாலை மேலாளருக்குப் போன் செய்தாள்.

"காலையில பார்த்தியா?" என்றார் அவர். "ஏம்மா, சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?"

"நிச்சயமாத் தெரியணும்னு..."

"அதுக்கு லேப் இருக்கு. நமக்கு கண்ணு மட்டும்தான்."

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னாள். எண்ணெய் இல்லை, காய்ச்சல் என்று சொன்னாள். வட்டம் போட்டாலும் போடுவார்கள் என்று சொன்னாள். பூட்ஸைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கியதையே மறுபடி துலக்கினாள்.

"என் வாத்துக்கு ஒண்ணும் இல்லையே," என்றாள் கடைசியில்.

"இல்ல அண்ணி."

"அப்போ பார்த்துக்கலாம்."

அலுவலக ஆட்கள் வெள்ளை உடுப்பில் வந்து திட்டிலிருந்து செத்த பறவைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். லேப் பதில் வரச் சில நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் அவள் கரையில் நின்ற நேரத்தைவிடக் கொட்டகை வாசலில் நின்ற நேரம்தான் அதிகம். ஒவ்வொரு வாத்தாகக் கழுத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது.

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கிறே. மேனேஜரைப் பிடிச்சிருக்கா? முன்கோபக்காரன், முன்னாடியே சொல்லிட்டேன்."

லேப் பதில் வருவதற்கு முதல் நாள் மேனேஜர் கத்தவில்லை. தொட்டியின் ஓரத்தில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தது. ஒரு கண்ணில் பால் படர்ந்தாற்போல் வெள்ளை விழுந்திருந்தது. பிறகு அது தன்னையே துரத்துவதுபோல் சுற்ற ஆரம்பித்தது. அண்ணி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வைக்காதீங்க என்று அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். வயதானவர், பொறுமைக்காரர், முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. காய்ச்சல்தான் என்று லேப் பதில் வந்துவிட்டது, வட்டமும் போட்டாகிவிட்டது என்றார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

"இதுங்களைக் கழியில விட்டீங்களாம்மா?"

"இல்லைங்க. இவ சொன்ன அன்னைலேர்ந்து அடைச்சுத்தான் வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடியும் ஒரு வாரமா விடலை. மழைத் தண்ணி சேறா இருந்துச்சு."

"வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா?"

"நான் ஒருத்திதான்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?" மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார். "கரைக்குப் போன செருப்பு, உடுப்பு ஏதாவது உள்ள வந்துச்சா?"

"அதெல்லாம்..." என்று ஆரம்பித்த அண்ணி நிறுத்திவிட்டாள்.

"பூட்ஸ்," என்றாள் பக்கத்தில் நின்றிருந்த அவள். "நான் கரையில போட்டது. அன்னைக்கு நான் கழுவலை. அண்ணிக்குத் தெரியாது. அப்படியே போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாங்க."

மருத்துவர் அவளைப் பார்த்தார். அவள் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"எப்படியும் வட்டத்துக்குள்ளதானேங்க?" என்றாள் அண்ணி. "எப்படியும் கொல்லத்தானே போறீங்க?"

"கொல்லத்தான் வேணும்மா. ஆனா நோய் வராத கொட்டகைன்னா, கரையில அடங்கினதும் புதுசா குஞ்சு விடலாம். கொஞ்ச நாள்தான். இது நோய் வந்த கொட்டகை. இந்த மண்ணுல எப்போ திரும்ப விடலாம்னு என்னால சொல்ல முடியாது. வருஷக்கணக்காகலாம்."

வெள்ளை உடுப்புக்காரர்கள் துரத்தியபோது வாத்துகள் மூலைக்கு மூலை ஓடின. கடைசியில் அண்ணிதான் உள்ளே போனாள். அவர்கள் கொடுத்த உறையைக் காலில் மாட்டிக்கொண்டு போனாள். பா... பா... என்று கூப்பிட்டாள். எல்லாம் வரிசையாக அவள் பின்னால் வந்தன. கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் வெளியிலேயே நின்றாள். போ என்று யாரும் சொல்லவில்லை. முடியும் வரை நின்றாள்.

அன்று பொழுது சாய்ந்த பிறகு அண்ணன் போன் செய்தான். அண்ணி சமையலறையில் நின்று பேசினாள். "ஆமா, எல்லாமே போயிடுச்சு... காய்ச்சல்தான்... எப்படின்னா? கரை பூராவும் இருக்காம், எப்படின்னு சொல்றது... ம்... இருக்கா, சாப்பிட்டா." அப்புறம் வெகு நேரம் அந்தப் பக்கம் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "வரேன்," என்றாள். "வேற என்ன இருக்கு, வரேன்."

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அண்ணி தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாப்பிடு என்று சொல்லவில்லை.

"அன்னைக்குக் காலையிலேயே போன் பண்ணியிருந்தா?"

"அன்னைக்கே வந்திருப்பாங்க. நல்லா இருக்கும்போதே கொன்னிருப்பாங்க."

"நான் திரும்ப வாங்கியிருப்பேன்."

"ஆமா."

"அதுங்களைக் காப்பாத்தலாம்னு நினைச்சியா?"

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவள் மாதிரி சொன்னாள். "என் வாத்துதானே. நான் சொல்லியிருப்பேன், போன் பண்ணுன்னு."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அண்ணி எழுந்து, அலமாரி மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கி, தூசி தட்ட ஆரம்பித்தாள்.