ஆந்தைப் பெட்டிக்குள் ஒரு பெரட்டு

ஆந்தைப் பெட்டிக்குள் யாரோ அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஷாமினி நின்றாள். செம்பனை வரிசைக்கு நடுவே, உயரமான கம்பத்தின் மேல் அந்த மரப்பெட்டி இருந்தது. ஆந்தைகள் குடியிருந்து எலிகளைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்தில் வைத்தது.

"தனலெட்சுமி!"

"இருக்கேன் மண்டோர்!"

தோட்டக் கங்காணியான மண்டோருக்குப் பதில் சொல்லும் அம்மாவின் குரல்தான். அம்மா காய்ச்சலில் இறந்து கருமாதியும் முடிந்துவிட்டது.

தம்பி தர்மராஜுக்கும் அது கேட்டது. அவன் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான், அவள் ஆறாம் ஆண்டு.

"அக்கா, அம்மா உள்ள வேல செய்றாங்க," என்றான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் அப்பா நீலாய் ஃபேக்டரியிலிருந்து வந்தால் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவார். ஷாமினி புத்தகப் பையைப் பனையடியில் போட்டாள். கம்பத்தில் அறைந்திருந்த கட்டைகளில் கால் வைத்து ஏறினாள். தர்மா பின்னால் ஏறினான்.

பெட்டியின் வாயில் ஆந்தை உட்கார்ந்திருந்தது.

"எலின்னு பாத்தேன்," என்றது. "ரெண்டும் எலிய விட ஒல்லியா இருக்கு."

"நீ பேசுவியா?" என்றான் தர்மா.

"நீயே பேசுற. நான் பேசுனா என்ன?"

"எங்கம்மாவக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் ஷாமினி.

ஆந்தை கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தது. மறுபடி முகத்தைக் காட்டியபோது கிண்டல் போயிருந்தது.

"போலாம் லா. யாரும் தடுக்க மாட்டாங்க. உள்ள பெரட்டு நடக்குது. வேலைக்கு முன்னாடி வரிசையில நிக்க வச்சு ஆள் கணக்கு எடுப்பாங்கல்ல, அதான். மண்டோர் ஒவ்வொரு பேரையும் மூணு தடவ கூப்பிடுவாரு. பதிலே வரலன்னா பேர வெட்டிடுவாரு. பேர் வெட்டுன ஆளு வீட்டுக்குப் போலாம்."

"அவ்ளோதானா? அப்புறம் ஏன் யாரும் போகல?"

"பேரக் கூப்பிட்டா சும்மா நிக்கத் தெரியாது இவங்களுக்கு. உயிரோட இருந்தப்பவும் தெரியல." ஆந்தை இறக்கையை ஒடுக்கி வழிவிட்டது. "ஒன்னு கேட்டுக்க. வெளியாள் வந்து நிக்கிற பெரட்டு ஒரு தடவதான். அதுல பதில் வந்துட்டா அந்தப் பேர இனிமே வெட்டவே முடியாது. பதில் யாரு சொன்னாலும் பதில்தான்."

ஷாமினி தம்பியின் காதைப் பிடித்தாள். "உள்ள வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

"தும்மல் வந்தா?"

"மூக்கப் புடிச்சுக்கடா."

பெட்டிக்குள் படிகள் கீழ்நோக்கி இறங்கின. ஏறி வந்த உயரத்தைவிட அதிக ஆழம். அடியில் ரப்பர் மரங்கள் நின்றன. செம்பனை நடுவதற்காக வெட்டித் தள்ளிய மரங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பால் கீழே சொட்டவில்லை. கோப்பைகளிலிருந்து நூல் நூலாக மேலே ஏறி, வானம் முழுதும் பரவியிருந்தது. வெளிச்சம் அதிலிருந்துதான் வந்தது. சூரியன் இல்லை. எதற்கும் நிழலும் இல்லை.

குறுக்கே ஒரு பால் ஆறு. உறைந்த இடங்கள் கட்டியாக மிதந்தன. கால் வைத்தால் இழுத்துக்கொண்டு அமுங்கின. தர்மா ஒரு இடத்தில் முட்டிவரை போய்விட்டான். ஷாமினி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அவன் அழவில்லை. வாயை மூடிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அக்கரையில் திடல். ஆட்கள் வாளியோடு வரிசையாக நின்றார்கள். அம்மா கடைசியில் நின்றாள். அதே நீளக்கைச் சட்டை, தலையில் துண்டு, ரப்பர் பூட்ஸ். முதலில் அவர்களை யாரோ போலப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

"தலைய யாரு பின்னி விட்டா? கோணலா இருக்கு."

"அப்பா," என்றாள் ஷாமினி. அம்மாவின் காதில் வாயை வைத்து ஆந்தை சொன்னதை மட்டும் சொன்னாள்.

அம்மா ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு கையால் ஷாமினியின் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. வீட்டுக்கு வர அவளுக்கு அத்தனை ஆசை இருந்தது.

மண்டோர் வரிசையின் முன்னால் வந்தார். தொப்பிக்குக் கீழே முகம் இல்லை. பெயர்கள் மட்டும் வந்தன. எல்லோரும் பதில் சொன்னார்கள்.

"தனலெட்சுமி!"

யாரும் பேசவில்லை.

"தனலெட்சுமி!"

அம்மாவின் விரல்களுக்கு இடையில் மூச்சு மட்டும் வந்தது. தர்மா இரு கைகளாலும் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தான்.

"தனலெட்சுமி! ஆளு வரலையா? சரி, பேர வெட்டிடுறேன். இன்னிக்குச் சம்பளம் இல்ல."

"இருக்காங்க மண்டோர்!" தர்மா கத்தினான். "அம்மா இருக்காங்க! வந்துட்டாங்க!"

உயிரோடு இருந்தபோது, காலையில் ஷாமினிக்குத் தலை பின்னிவிட்டு வருவதற்குள் அம்மாவுக்கு எப்போதும் நேரமாகிவிடும். தர்மா முன்னால் ஓடிப்போய்ப் பெரட்டில் நிற்பான். பெயரைக் கூப்பிட்டால் அம்மாவுக்காகக் குரல் கொடுப்பான். நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே அதைப் பழகிவிட்டான். ஒருமுறை அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது அம்மாவின் பெயரை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததை அவன் பார்த்திருந்தான்.

"சரி, போ," என்றார் மண்டோர்.

வரிசை நகர்ந்தது. அம்மாவின் கால்களும் நகர்ந்தன. அவள் நகர்த்தவில்லை. அவள் கை ஷாமினியின் கையிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கழன்றது. குனிந்து வாளியை எடுத்தாள்.

"அவன அடிக்காத," என்றாள்.

மரங்களுக்குள் போனாள். திரும்பிப் பார்க்க முயன்றாள். கழுத்து பாதிவரைதான் திரும்பியது.

திரும்பும் வழியில் ஆறு முழுக்க உறைந்திருந்தது. நடப்பது சுலபமாக இருந்தது. ஆந்தை ஒதுங்கி வழிவிட்டது. ஷாமினி கீழே இறங்கி, அண்ணாந்து தம்பியைப் பார்த்தாள். அவன் பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டான்.

"அக்கா."

"எறங்குடா."

"நான் சொல்லாம இருந்திருந்தா, அம்மா இப்ப நம்ம கூட எறங்குவாங்கதானே?"

ஒரு டிராக்டர் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை ஷாமினிக்கு நேரம் கிடைத்தது.

"இல்லடா. ஆந்தை பொய் சொல்லுச்சு. அங்கேர்ந்து யாரும் வர முடியாது."

"நெஜமா?"

"நெஜமா."

அவன் கீழே பார்த்தான். "அப்ப நீ ஏன் அழுற?"

அவள் கைகளை உயர்த்தி அவன் இடுப்பைப் பிடித்தாள். அவன் கட்டையை விடவில்லை. இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.