ஒரே கரை வேட்டி

இது இவருடைய வேட்டி இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் முன் இறந்த கணவரின் இடுப்பைத் தடவிய கை அன்றிலிருந்து உலகம்மாளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, எதிரே கட்சியின் மாவட்டச் செயலாளர் பரமகுரு உட்கார்ந்து இடைத்தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும். கணவர் கொம்பையா லாரி ஓட்டியவர், பேண்டிலேயே பழகிய உடம்பு, கட்சியில் சேர்ந்து, ஒன்றியத் தலைவராகப் பதவியேற்ற மேடையில் வேட்டி நழுவிக் கூட்டமே சிரித்தது, சிரிச்சவனெல்லாம் ஒருநாள் என் முன்னால கைகட்டி நிப்பான் பாரு என்று அவர் வீட்டுக்கு வந்து கத்தியதும், அவள் ஒவ்வொரு வேட்டியிலும் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்ததும், அவர் எம்.எல்.ஏ. ஆனதும், சிரித்தவர்கள் அப்படியே கைகட்டி நின்றதும், ஆற்று மணல் லாரி லாரியாகப் போனதும், மணல் கொள்ளை என்று தொலைக்காட்சியில் அவர் முகம் மட்டும் திரும்பத் திரும்ப வந்ததும் ஒரே பகலில் நடந்தவைபோல ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, நான் மட்டுமா அள்ளுனேன் உலகு, நிருபர்களக் கூப்பிட்டு எல்லாப் பேரையும் சொல்லப்போறேன் என்கிறார், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து என்கிறார், பரமகுருவின் தோட்டத்து பங்களாவில் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் போகிறார், தூக்கத்தில் மாரடைப்பு என்று திரும்பி வருகிறார், பட்டை இல்லாத ஒரு வேட்டியில், இறுக்கமாக மடித்துச் செருகி, வாழ்நாள் முழுக்க அவருக்குக் கைவராத அந்த மடிப்போடு. உடுத்தியிருந்ததை எதற்காக அவிழ்த்தீர்கள், அதில் என்ன இருந்தது, ரத்தமா, சேறா, கட்சிக்காரன் வேட்டியெல்லாம் ஒரே கரைதானே, எவனுடையது என்று எவள் பார்க்கப்போகிறாள் என்று நினைத்துவிட்டீர்களே, பாவிகளா, நான் வாய்திறக்குமுன் கொடியைப் போர்த்திச் சுடுகாட்டுக்குத் தூக்கிவிட்டீர்களே, முதல் ஆளாகத் தோள் கொடுத்தது நீதானே பரமகுரு.

என்ன மதினி யோசிக்கிய, என்கிறார் பரமகுரு, வேட்பாளர் நீங்கதான்னு தலைமை முடிவு பண்ணியாச்சு, ஊர் ஊரா அலைய வேண்டாம், தாலியறுத்த முகம் ஒண்ணு போதும், சனம் ஓட்டக் கொட்டித் தள்ளிரும். ஒரு வார்த்த மட்டும் மேடையில சொல்லிருங்க, அண்ணன் தூக்கத்துலயே நெஞ்சுவலி வந்து போயிட்டாருன்னு, எதிர்க்கட்சிக்காரன் கண்டதையும் பேசிட்டுத் திரியுதான், அவன் வாய அடைக்கணும்லா.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, ஆனால் வெளியே வந்த குரல் அவளுக்கே கேட்டும் கேட்காமலும் இருந்தது. அவர் எப்படிப் போனாருன்னு எனக்குத் தெரியாது தம்பி, என்றாள். மேடை ஏறுனா நான் பாத்ததத்தான் சொல்லுவேன், நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க.