லஸ்ஹருக்குக் குறைந்த ஒரு மணி நேரம்

காபேஸ் நகரில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் மொன்ஜியா பதினேழு வருடங்களாகத் தலைமை நர்ஸ். அதற்குள் ஆறு டாக்டர்கள் வந்து போய்விட்டார்கள். டாக்டர்கள் அறிக்கையைப் பார்ப்பார்கள். நோயாளிகள் மொன்ஜியாவின் முகத்தைப் பார்ப்பார்கள். யார் வீட்டில் சண்டை, யார் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார், எல்லாம் அவள் காதுக்குத்தான் வந்து சேரும்.

ஏழாவதாக வந்தவள் உல்ஃபா. வயது முப்பத்து நான்கு. வந்த முதல் வாரமே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாக உட்கார்ந்து கதை கேட்கத் தொடங்கினாள். அந்த முக்காலி தரையில் உரசும் சத்தத்துக்கே மொன்ஜியாவின் வயிறு எரிந்தது.

மீன்பிடிப் படகு ஓட்டிய லஸ்ஹர் ஒன்பது வருடங்களாக வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் அங்கே படுத்திருப்பவர். மொன்ஜியாவைத் தவிர யாரிடமும் வாய் திறக்காத மனிதர். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஊசியோடு போனபோது, மகளுக்கு வரப்போகும் மாப்பிள்ளையைப் பற்றி உல்ஃபாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணமாம்.

"உன்கிட்ட நான் சொல்லலையா மொன்ஜியா?" என்றார், சர்வ சாதாரணமாக.

அன்றைக்கு அவளுடைய முதல் குத்தில் நரம்பு அகப்படவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் கை தவறியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை லஸ்ஹரின் மனைவி மப்ரூக்கா போன் செய்தாள். கல்யாணத்துக்கு வந்த பேரீச்சம்பழப் பெட்டியை விட்டு மனுஷன் கையை எடுக்கவில்லை, நீங்கள்தான் மிரட்ட வேண்டும் என்றாள். சிறுநீரகம் செத்தவர்களுக்கு அந்தப் பழம் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும்; நேரம் குறைந்தால் இயந்திரமும் அதை முழுதாக வெளியேற்றாது. டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று மொன்ஜியா வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை லஸ்ஹருக்கு டயாலிசிஸ் முறை; அன்றைக்கே மகளுக்கு மருதாணி விருந்து. ஒரு மணி நேரம் முன்னதாக விடும்படி லஸ்ஹர் உல்ஃபாவிடம் கேட்டார். போன வார ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்ததால் அவள் சரியென்றாள். மூன்றடி தள்ளி நின்ற மொன்ஜியாவுக்கு விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விழுங்கிவிட்டாள். மூன்று மணி நேரம் ஆனதும் அவளே லஸ்ஹரை இயந்திரத்திலிருந்து கழற்றி அனுப்பினாள்.

ஞாயிறு மதியம், கல்யாண உடுப்போடு வீட்டு வாசலுக்கு வந்த லஸ்ஹர் கால் மடங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது நாடித்துடிப்பு முப்பத்தெட்டு. உல்ஃபா மருந்து ஏற்றினாள், மொன்ஜியா இயந்திரத்தைப் பூட்டினாள். மூன்று மணி நேரம் கழித்துத் துடிப்பு எழுபதைத் தொட்டது. மணப்பெண் வராந்தாவில் வந்து நின்று, கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துவிட்டு, அவர் வழியனுப்பாமலே புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அதைப் பார்த்த பிறகு மொன்ஜியாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"பேரீச்சம்பழ விஷயம் வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும், டாக்டர். வேணும்னுதான் சொல்லாம விட்டேன்."

கை கழுவிக்கொண்டிருந்த உல்ஃபா திரும்பினாள். "ஏன்?"

"உங்க மேல பொறாமை."

"அவர் செத்திருப்பாரு."

"தெரியும்."

இதை நிர்வாகத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றாள் உல்ஃபா. மொன்ஜியா தலையாட்டினாள். துவாலையைத் தேடி எடுத்துக் கையைத் துடைத்தபடி உல்ஃபா மறுபடி பேசினாள்.

"அதுல என் பேரையும் எழுதுவேன். நேரத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்க மனசு வரலை. நான் எவ்வளவு பேசினாலும், நீங்க லீவு போட்ட அன்னைக்கு ஒருத்தரும் ஊசிக்குக் கை நீட்ட மாட்டேங்கிறாங்க. எனக்கு மட்டும் எரியாதா?"

மொன்ஜியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உல்ஃபாவை நிர்வாகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து லஸ்ஹரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். பிறகு அவர் என்னென்ன தொடக்கூடாது என்று ஆளுக்கொன்றாக அடுக்க ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துங்கம்மா," என்றார் லஸ்ஹர். "உங்க ரெண்டு பேர் சண்டையில சாகக் கெடந்தது நான். என்ன தின்னேன்னு என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஒருத்தியும் கேட்கலை."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான், பண்டிகை நாளிலாவது ஒரு பழம் தின்ன வழியுண்டா என்று கேட்டார். டயாலிசிஸுக்கு முந்தின வேளையில் ஒன்றே ஒன்று, அதுவும் ரத்தம் பார்த்த பிறகு என்றாள் உல்ஃபா. பெட்டி மப்ரூக்காவின் பூட்டுக்குள் இருக்கட்டும் என்றாள் மொன்ஜியா. நாலு மணி நேரத்தில் இனி ஒரு நிமிஷமும் குறைக்கக் கேட்பதில்லை என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அன்றுமுதல் ஊசிக்கு முன் ஐந்து நிமிஷம் மூவரும் பேசிக்கொள்வது வழக்கமாயிற்று. மொன்ஜியாவின் எரிச்சல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. தன்னைத் தாண்டி யாராவது டாக்டரிடம் சிரித்தால் இன்றைக்கும் சுருக்கென்று குத்தும். இப்போது அதை உல்ஃபாவிடமே சொல்லிவிடுகிறாள்.