கியெம் வாங்கிவந்த நாற்காலி

எங்க வீட்டுக்காரர் வியெனுக்கு ஒரு காது சுத்தமா செத்துப் போச்சு, இன்னொண்ணு பாதி. சண்டைக் காலத்துல பக்கத்துலயே குண்டு விழுந்த வினை. தெத் புத்தாண்டு வருது, ஊரே முடிவெட்டப் போகுது, நீங்க மட்டும் காட்டுப் பன்னி மாதிரி நிக்கிறீங்களேன்னு நான்தான் அவரை விரட்டிவிட்டேன். அவருக்கு முடியைவிடக் காது மேலதான் ஆசை. முடிவெட்டற கியெம், கம்பி போட்டு அழுக்கெடுத்தா நல்லாக் கேக்கும்னு எவனோ சொல்லிவச்சிருக்கான்.

வியட்நாம்ல எங்க குவாங் திரி ஜில்லாவுல எங்களுக்கு வயல்ல வெளைஞ்சதைவிட மண்ணுக்குள்ள இருந்து வந்த இரும்புதான் அதிகம் சோறு போட்டுச்சு. குண்டுச் சில்லை எவன் வேணா அடையாளம் சொல்லுவான். விழுந்த விமானத்தோட சாமான்னா என்கிட்டதான் வருவாங்க. தட்டிப் பாப்பேன், காந்தத்தை ஒட்டிப் பாப்பேன், உள்பூச்சு பச்சையா மஞ்சளான்னு சொரண்டிப் பாப்பேன். எறக்கையா, வாலா, எண்ணெய்த் தொட்டியான்னு சொல்லிடுவேன். பெருமைக்குச் சொல்லல, எனக்கு இதெல்லாம் கத்துக்குடுத்தது பயம்தான். எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் விமானி நாற்காலியோட முதுகுக் குழாயை ரம்பத்தால அறுத்தான். விமானம் விழறப்ப விமானி தப்பிக்க, ஆளை நாற்காலியோட மேல தூக்கி எறியற வெடிமருந்து அதுக்குள்ள இருந்துச்சு. அவனைக் கூட்டி அள்ளினவங்கள்ல நானும் ஒருத்தி.

அன்னிக்குப் போன மனுஷன் ரொம்ப நேரமா வரக் காணோம். அடுப்புல புத்தாண்டுக்குக் கட்டின அரிசி இலைப் பொதி வெந்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பாத்துக்கச் சொல்லிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே கியெம் கடைக்குப் போனேன்.

வாசல்ல ஒரே கூட்டம்.

"லாய் அக்கா வந்தாச்சு! புருஷனைக் காணலியாம்!"

"எட்டிப் பாருங்கக்கா, ராஜா மாதிரி ஒக்காந்திருக்காரு!"

கியெம் என்னைப் பாத்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். "அக்கா, புது நாற்காலி எப்படி? லாவோஸ் பக்கத்து மலையில இருந்து எறக்கினது. நெசமான விமானி ஒக்காந்தது. இப்ப நம்ம மாமாதான் விமானி!"

பாத்தேன்.

தலைக்கு மேல கறுப்பும் மஞ்சளுமா கோடு போட்ட வளையம். அதுல கியெம் ஈரத் துண்டு காயப் போட்டிருந்தான்.

"இது எங்கடா கெடச்சுது?"

"தனியா மரத்துல தொங்குச்சாம்க்கா. விமானி குதிச்சுத் தப்பிச்சிட்டானாம். வித்தவன் சத்தியம் பண்ணான்."

நான் பின்பக்கமாப் போய்க் குனிஞ்சேன். குதிச்ச நாற்காலின்னா பின்குழாய்ல ஒரு பகுதி விமானத்தோட தங்கிடும். இதுல குழாய்க்குள்ள குழாய் முழுசா இருந்துச்சு. இடுப்பு வாரெல்லாம் மக்கிப்போய், அதோட கொக்கி மட்டும் தொங்குச்சு. அதுவும் பூட்டினபடி. இதுல இருந்தவன் எங்கயும் தப்பிச்சுப் போகல, இதுலயே செத்திருக்கான். அப்படின்னா மருந்தும் இன்னும் வெடிக்கல.

"கியெம். அந்தக் கம்பியை மெதுவா மாமா காதுல இருந்து எடு."

"இருங்கக்கா, இப்பத்தான் பெரிய கட்டியா வருது."

"எடுடான்னா!"

"கட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கொழம்பு வைக்கப் போறாங்களோ!"ன்னு எவனோ சொல்ல, கூட்டம் சிரிச்சுது. என் மூஞ்சியைப் பாத்த கியெம் மட்டும் சிரிக்கல. கம்பியை எடுத்துட்டான்.

எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிச் சொகமா ஒக்காந்திருந்தார். கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளைத் துணி.

"அவர் கை எங்கடா?"

"காதழுக்கு எடுக்கறப்ப எல்லாரும் நெளியறாங்கல்ல? தொடைக்கு நடுவுல ஒரு புடி இருக்குக்கா. கூச்சம் வந்தா அதைக் கெட்டியாப் புடிச்சுக்குங்கன்னு சொல்லியிருக்கேன். நல்ல வசதி."

அடப் பாவி! மேல இருக்கற வளையம் எட்டாதவனுக்காகத்தான் தொடை நடுவுல அந்தப் புடி. எதை இழுத்தாலும் மருந்து வெடிக்கும்.

கத்தக்கூடாது, அவரைத் தொட்டுத் திடுக்கிட வைக்கவும் கூடாது. அவர் முன்னாடி மண்டி போட்டு, துணிக்கு அடியில ரெண்டு கையையும் விட்டேன்.

"அக்கா! அதெல்லாம் வீட்ல போய்ப் பாத்துக்கக்கூடாதா?"ன்னு வாசல்ல ஒரே கூச்சல்.

என் கை அவர் கையைத் தொட்டுச்சு. புடி அதோட குழியை விட்டு ஒரு விரல் அளவு மேல வந்திருந்துச்சு. இன்னும் எவ்வளவு தூரம் போனா வெடிக்கும், விட்டா திரும்ப உள்ள போகுமா, போறப்ப வெடிக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஒரு விரல் அளவுதான். என் விரலை அவர் விரலுக்கு அடியில நுழைச்சு, புடி அசையாம நான் வாங்கிக்கிட்டேன்.

அவர் கண்ணைத் தொறந்தார். எங்க கல்யாணத்துல இருந்து என் வாயைப் பாத்துத்தான் அவர் பாதிப் பேச்சைப் புரிஞ்சுக்குவார். சத்தமில்லாம வாயை மட்டும் அசைச்சேன். கையை எடுங்க. மெதுவா. ஆட்டாம எழுந்திருங்க.

ஒண்ணும் கேக்காம பக்கவாட்டுல, என் தோளைக்கூட உரசாம எறங்கினார். மருந்து இன்னும் வெடிக்காம இருக்குடான்னு கியெம்கிட்ட மெதுவாச் சொன்னேன், அவன் வாசல்ல சொல்லிட்டான். கூட்டம் செருப்பைக்கூடத் தேடாம ஓடுச்சு. கண்ணிவெடி எடுக்கற பட்டாளத்தான்களைக் கூட்டிட்டு வரேன்னு கியெம் சைக்கிள்ல பறந்தான்.

கடையில நானும் நாற்காலியும்தான்னு நெனச்சேன். பாத்தா, பாதி வெட்டின தலையோட எங்க வீட்டுக்காரர் என் பக்கத்துல சப்பணம் போட்டு ஒக்காந்திருக்கார்.

"போங்க"ன்னேன்.

"கேக்கல."

"பொய் சொல்லாதீங்க. போய்த் தொலைங்கன்னு சொன்னேன்!"

"காது சரியாகலடி. கியெம் பாதியில விட்டுட்டான்."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! இந்த மனுஷன் சாகக்கூடாதுன்னுதானே நான் கையைக் குடுத்தேன்? செத்தா நான் மட்டும் சாகறேன், இந்தாளு இருந்து பொதியைத் தின்னுட்டுப் போகட்டும்னு இருந்தா, பக்கத்துல வந்து ஒக்காந்துக்கிட்டு என் நெத்தி வேர்வையைத் தொடைக்கிறார். திட்டித் தீத்தேன். அவங்க அம்மா வரைக்கும் இழுத்தேன். அவர் அசையல. உள்ளுக்குள்ள, அவர் நெசமாவே எழுந்து போயிடுவாரோன்னும் பயமா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

கை மரத்துப் போச்சு. ஓட்டுல ஒரு பூனை ஓடுச்சு. அந்தச் சத்தத்துக்கே எனக்குக் காற்சட்டை நனைஞ்சிடுமோன்னு ஆச்சு.

பட்டாளத்தான்கள் வந்தப்ப வெயில் சாஞ்சிருந்துச்சு. ஒருத்தர் தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தார். புடி நகராம இருக்க எங்கயோ ஒரு ஓட்டையில கம்பியைச் சொருகினார். "விடுங்கம்மா"ன்னார். விட்டேன். ஒண்ணும் ஆகல. எழுந்திருக்கத்தான் முடியல, எங்க வீட்டுக்காரர்தான் தூக்கினார்.

நாற்காலியை மெத்தையில வச்ச மாதிரி வண்டியில ஏத்தி, கல்லறைகளுக்கு அந்தப் பக்கம் காஞ்ச வயல்ல எறக்கினாங்க. கம்பியை உருவிட்டு, நீளமாக் கயிறு கட்டி, எங்க எல்லாரையும் வரப்புக்குப் பின்னால படுக்கச் சொன்னாங்க. நான் கியெமைத் திட்டறதுக்கு வார்த்தை சேத்து வச்சுக்கிட்டு இருந்தேன். மண்டி போட்ட நேரத்துல இருந்து சேத்தது.

கயித்தை இழுத்தாங்க. பூமி அதிர்ந்துச்சு. இந்த ஒரு சத்தம் எங்க வீட்டுக்காரருக்குக்கூடக் கேட்டுச்சு. நாற்காலி நெருப்பைக் கக்கிக்கிட்டு மூங்கில் தோப்புக்கு மேல போய், சின்னதாகி, திரும்பி விழுந்து நொறுங்குச்சு. கூட்டம் 'ஓ'ன்னு கத்திக் கை தட்டுச்சு.

கியெம் பக்கம் திரும்பினேன். அவன் எழுந்திருக்கவே இல்லை. மண்ணுல கையை ஊனிக்கிட்டு, நாற்காலி போன எடத்தையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"அக்கா, காலையில மொதல்ல என் பொண்ணைத்தான் அதுல ஒக்கார வச்சேன். மொதப் போணி ராசியா இருக்கட்டும்னு. அவ மேல இருந்த வளையத்தைப் புடிச்சு ஊஞ்சல் ஆடுனா, அக்கா. இன்னும் வேகமா ஆடுன்னு நான்தான் தள்ளிவிட்டேன்."

அவன் பக்கத்துல ஒக்காந்து தலையை இழுத்து என் மடியில வச்சுக்கிட்டேன். அவன் பல்லு கடகடன்னு அடிக்கிறது என் தொடைக்குத் தெரிஞ்சுது.