மூன்று மடங்கு இலை

'பாம்… பாம்…' என்று வாசலில் கார் ஹார்ன் அலறியது. அவள் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் நழுவித் தொட்டியில் விழுந்து சுக்குநூறானது.

"டீ கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க!" கதவை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார் டைரக்டர். ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'அவசரம்'. "ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"இன்னொரு தடவை பார்த்துடறேன் சார்."

"எத்தனை தடவைம்மா? பொண்ணு பார்க்கப் போனவன்கூட இவ்வளவு தடவை பார்க்க மாட்டான்!"

அவர் போய்விட்டார். அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து வந்தவள் மாதிரி மனம் அடித்துக்கொண்டது.

சணல் பயிரில் நாருக்குத்தான் விலை. இலை வயலிலேயே உதிர்ந்து மட்கிப் போகும். ஆனால் அந்த இலையில் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து இருக்கிறது, நிறைய இருந்தால் டீயாக விற்றுவிடலாம் என்று ஒரு கம்பெனிக்கு ஆசை வந்திருந்தது. பல விவசாயிகளிடமிருந்து காய்ந்த இலை சோதனைக்கு வந்தது. அதில் ஒரு பை அவள் தம்பியுடையது. நார் விலை சரிந்ததிலிருந்து, குத்தகை நிலத்தை விட்டுவிடலாமா என்று தவித்துக்கொண்டிருப்பவன் அவன். கம்பெனி அவன் இலையைத் தேர்ந்தெடுத்தால் நிலம் கையில் நிற்கும்.

சோதனை எளிதுதான். ஊதா நிற மருந்தில் இலைச் சாற்றை விட வேண்டும். சத்து எவ்வளவோ அவ்வளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். மற்ற இலைகளுக்கு ஊதா சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல வெளுத்தது. தம்பி இலைக்கோ, விட்ட கையோடு ஓட்டம் பிடித்தது. மூன்று மடங்கு!

ஒரே விதை, ஒரே வாய்க்கால், பக்கத்துப் பக்கத்து வயல். இவன் மண்ணில் மட்டும் என்ன தங்கமா விளைகிறது?

மறுபடி செய்து பார்த்தாள். மருந்து சரி. கருவி சரி. மூன்று மடங்கும் அப்படியே நின்றது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் சந்தேகம்தான் வந்தது.

"என்னக்கா, என் கழுத்துக்கு மாலை எங்கே?" என்று பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான் தம்பி. புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. "அவசரம் சார் என்னைக் கட்டியே பிடிச்சுட்டாரு. கையெழுத்துதான் பாக்கியாம். சட்டுனு போடு!"

"இருடா."

"என்ன இருடா? ஊரான் புள்ளைன்னா இந்நேரம் போட்டிருப்பே. கூடப் பொறந்தவன் நல்லா இருந்துட்டா உனக்குக் கண்ணு வலிக்குதா?"

சுருக்கென்றது. அவன் இலைத்தூளைத் தண்ணீரில் கரைத்து, அமிலம் இருந்தால் சிவக்கும் காகிதத்தை நனைத்தாள். அடுத்த வயல் இலைக்கும் ஒன்று. அது நிறம் மாறவே இல்லை. தம்பியின் காகிதம் அடிபட்ட கன்னம் போலச் சிவந்தது.

சணல் இலையில் இவ்வளவு புளிப்பு ஏது? புளிப்புப் பண்டத்திலிருக்கும் வைட்டமின் சி கலந்தாலும் ஊதா இப்படித்தான் ஓடும்.

மேஜை மேலிருந்த போன் அடித்தது. அவசரம்தான். "மேலே கொண்டு வாம்மா, பேனாவைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்காங்க!"

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். இந்த இலை செல்லாது. காரணத்தை நானே வந்து சொல்றேன்." போனை வைத்தாள்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. "ஏன்க்கா? என்ன பண்ணேன் நான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." இரண்டு காகிதங்களையும் அவன் முன்னால் நீட்டினாள். "இலையில என்னடா ஊத்தினே? பொய் சொன்னே, தோலை உரிச்சிடுவேன்!"

அவன் மலங்க மலங்க விழித்தான்.

"காயப் போட்டா கன்னங்கரேல்னு ஆயிடுச்சுக்கா... நீ ஆப்பிள் நறுக்கினா கறுக்காம இருக்க எலுமிச்சம்பழம் பிழிவியே, அப்படித்தான் ஒரு கூடை பழத்தைப் பிழிஞ்சு ஊறவச்சுக் காயவச்சேன், கறுத்த இலையைக் கொண்டாந்து உன் பேரைக் கெடுக்கக் கூடாதுன்னு!"